மரகதம் வீட்டு விருந்து

1980 டிசம்பர் 3, புதன்

மழை விட்டும் துணி காயவில்லை. அப்பாவின் வேட்டிகள் சமையலறைக் கொடியில் தொங்குகின்றன.

எங்கள் தொலைக்காட்சி நிலையத்தின் பொங்கல் சிறப்பு நிகழ்ச்சியை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். காலைக் கூட்டத்தில் நிலைய இயக்குநர் அறிவித்தார். ஒரு சினிமாப் பிரபலத்தின் வீட்டில் விருந்து நடப்பதுபோல ஒரு மணி நேரம். வாசல், கூடம், சாப்பாட்டு அறை எல்லாவற்றையும் ஸ்டுடியோவுக்குள்ளேயே செட் போடுவார்கள். நட்சத்திரங்கள் ஒவ்வொருவராக வருவார்கள். பாட்டு, மேஜிக், பல குரல், அரட்டை. நடுநடுவே எல்லோரும் சிரிக்க வேண்டும்.

இந்த நிலையத்தில் நான் இதுவரை செய்தவை பயிர்ப் பாதுகாப்பு, பள்ளி ஒளிபரப்பு, நூல் மதிப்புரை. படித்தது பொருளாதாரம். பாளையங்கோட்டையில் அப்பா தலைமையாசிரியராக இருந்தவரை தியேட்டர் இருந்த தெரு வழியாகக்கூட நாங்கள் போனதில்லை. பழக்கம் இன்னும் விடவில்லை.

உதவி இயக்குநர் சாம்பமூர்த்திதான் என் பெயரைச் சொன்னாராம். "மிஸ் ஞானதீபத்துக்கு சினிமாக்காரங்கமேல பிரமிப்பே கிடையாது. அதுதான் வேணும்" என்றாராம். பதவி உயர்வுப் பட்டியல் பிப்ரவரியில் வருகிறது. அதற்கான போட்டியில் அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

யார் வீட்டு விருந்து என்பதுதான் முதல் சிக்கல். எந்தப் பெரிய நடிகரும் இன்னொரு பெரிய நடிகரின் வீட்டுக்கு விருந்தாளியாக வரமாட்டாராம். அதனால் யாருக்கும் போட்டியில்லாத ஒருவர் வேண்டும் என்று சொல்லி, கே. எஸ். மரகதவல்லி என்ற நகைச்சுவை நடிகையின் பெயரை இயக்குநர் கொடுத்தார். இப்போது படம் எதுவும் இல்லாமல் இருக்கிறாராம்.

மாலை கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். அறுபது வயதிருக்கும். குள்ளமான, அகலமான உருவம். மதுரைப் பக்கத்து நாடக கம்பெனியில் இருந்து வந்தவர். என்னை உட்காரவைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே கேட்டார்.

"அப்ப வீட்டுக்காரி நானா?"

"ஆமாம்."

"வேற யாரும் எனக்கு முதலாளியம்மா கிடையாதுல்ல?"

"இல்லை. உங்கள் வீடு."

முப்பது வருஷத்தில் சமையல்காரி, ஆயா, பாத்திரம் தேய்ப்பவள் தவிர அவருக்கு ஒரு வேஷம்கூட வந்ததில்லையாம். "பெரிய பெரிய பங்களாவுல எல்லாம் இருந்திருக்கேன் தாயி. எல்லாத்துலயும் கொல்லைப்புறமாத்தான் வந்திருக்கேன். சாகறதுக்குள்ள ஒரு வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும்."

சொன்னபோது சிரிக்கவில்லை. நகைச்சுவை நடிகைகள் வீட்டில் சிரிக்கமாட்டார்கள் போலிருக்கிறது.

பச்சைப் பட்டு கட்டுவேன் என்றார். நம் ஒளிபரப்பு கறுப்பு வெள்ளை, பச்சை தெரியாது என்று விளக்கினேன். "எனக்குத் தெரியும்ல" என்றார்.

டிசம்பர் 9, செவ்வாய்

கதிர்வாணன், உதயசேகர் ஆகிய இரண்டு கதாநாயகர்களுக்கும் நிலையத்தின் முத்திரையோடு அழைப்புக் கடிதம் போன வாரமே போனது. பதில் இல்லை. அவர்கள் இல்லாமல் இதற்குப் பிரபலங்களின் விருந்து என்று பெயர் வைக்க முடியாது.

வீட்டில் கிறிஸ்துமஸ் பலகாரம், கல்கல் செய்ய மாவு பிசைந்து வைத்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. மாவு காத்திருக்கிறது, நானும் காத்திருக்கிறேன்.

டிசம்பர் 12, வெள்ளி

சாம்பமூர்த்தி ஒரு யோசனை சொன்னார். புது நடிகை ஹேமப்ரியாவை வீட்டுக்காரியாகப் போட்டால் இரண்டு நடிகர்களும் உடனே வருவார்கள். மரகதவல்லியையும் விடவேண்டாம், அந்த வீட்டுச் சமையல்காரியாக வைத்துக்கொள்ளலாம். "ஜனங்க அவங்களை அப்படித்தான் பாத்திருக்காங்க மேடம். நம்பிடுவாங்க."

நியாயமான யோசனை. யோசித்துப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நாளை போய் அந்த அம்மாளிடம் பக்குவமாகச் சொல்லிவிட வேண்டும்.

டிசம்பர் 13, சனி

போனேன். சொல்லச் சந்தர்ப்பம் அமையவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள், அந்த நடிகர்களை எப்படி அழைத்தீர்கள் என்று கேட்டார். கடிதத்தின் நகலைக் காட்டினேன். ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார்.

"ஏத்தா, கடுதாசி போட்டா எவனாச்சும் விருந்துக்கு வருவான்?"

"அலுவலக நடைமுறை அதுதான்."

"ஆபீசுக்குக் கூப்பிட்டா சரி. வீட்டுக்குல்ல கூப்பிடுற? தட்டுல வெத்தலை பாக்கு வச்சு நேர்ல போய் நின்னா எப்பேர்ப்பட்டவனும் மாட்டேங்க முடியாது. திங்கக்கிழமை போயிரணும். மறுநாள் மார்கழி பொறந்துரும். அப்புறம் தட்டைத் தூக்கிட்டு எவன் வாசலையும் மிதிக்க முடியாது."

நான் கிறிஸ்தவப் பெண், எனக்கு இந்த முறையெல்லாம் தெரியாது என்றேன். "தெரியவேணாம். தட்டைப் பிடிச்சுக்க. ஆட்டாம பிடிக்கணும், அம்புட்டுத்தான்" என்றார்.

டிசம்பர் 15, திங்கள்

அலுவலக ஜீப்பில், மடியில் வெள்ளித் தட்டுடன். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், குங்குமச் சிமிழ். என்னை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தியாகராய நகர் முழுவதும் தலையைக் குனிந்தே போனேன்.

முதலில் கதிர்வாணன் வீடு. படங்களில் பத்துப் பேரைத் தூக்கி எறிகிறவராம். நேரில் காலில் சுளுக்கு, கம்பளிக் காலுறை. மரகதவல்லியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பிறகு என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். முகத்தில் ஒரு பயம் வந்தது.

"என்னக்கா, பேத்திக்குக் கல்யாணமா?"

"எனக்கு எது பேத்தி? வீட்ல ஒரு விருந்து. நீயும் உன் பொஞ்சாதியும் வந்துரணும்."

அவர் மனைவி தங்கமணி உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம். "ஏனுங்க, தட்டோட வந்திருக்காங்க, எந்திரிச்சு வாங்கிக்காம பேச்சு என்னங்க?" என்று கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகுதான் மெதுவாகக் கேட்டார்.

"உதயசேகர் வர்றாராக்கா? கடைசியா யாரு உள்ள வர்றது?"

எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இந்தத் தொழிலில் கடைசியாக வருகிறவர்தான் பெரியவர். முதலில் வந்து காத்திருப்பவர் சின்னவர். இருவருமே கடைசியாகத்தான் வருவேன் என்பார்கள்.

மரகதவல்லி யோசிக்கவே இல்லை. "நீ வந்து குத்துவிளக்கு ஏத்தினாத்தான்யா விருந்தே தொடங்கும். வேற எவன் கையிலயும் தீப்பெட்டியைக் குடுக்க மாட்டேன்."

கதிர்வாணனின் நெஞ்சு சற்று முன்னால் வந்தது.

அடுத்த தெருவில் உதயசேகர் வீடு. அவரும் அதையே கேட்டார். "நீங்க வர்ற வரைக்கும் ஒருத்தனுக்கும் இலை போடமாட்டேன் தம்பி. பசிச்சா பசியோட கெடக்கட்டும்" என்றார் மரகதவல்லி. அவருக்கும் நெஞ்சு முன்னால் வந்தது.

ஜீப்பில் திரும்பும்போது, எப்படி இவ்வளவு சீக்கிரம் தோன்றியது என்று கேட்டேன். "நாடகத்துல ராஜபார்ட்டு ரெண்டு பேரை ஒரே ஊர்ல வச்சு மேச்சிருக்கேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா, "ஏட்டி, கையில என்ன குங்குமம்?" என்றார். அலுவலக வேலை என்றேன்.

டிசம்பர் 18, வியாழன்

சேலை ஒன்று வாங்கினேன். இளஞ்சாம்பல். பழையதில் காப்பிக் கறை இருக்கிறது.

டிசம்பர் 25

காலை ஆராதனை. நல்ல பிரசங்கம். நடுவில் இரண்டாவது காமிராவைச் சாப்பாட்டு மேசையின் தலைமாட்டில் வைக்கவேண்டும் என்று தோன்றியது. மன்னிக்கவும் ஆண்டவரே.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்று ஒத்திகை. இதை எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்.

எங்களிடம் ஒளிநாடாவை வெட்டி ஒட்டும் வசதி கிடையாது. ஒரு மணி நேரம் முழுவதையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். நடுவில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைக் கடிதத்திலும் எழுதியிருந்தேன், நேரிலும் சொன்னேன்.

சினிமாக்காரர்களுக்கு இது புரியவே இல்லை. ஒரு வரி பேசுவார்கள். பேசி முடித்ததும் முகத்திலிருந்து எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, காமிராவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யாராவது 'கட்' சொல்லவேண்டும், வியர்வை துடைக்க வேண்டும், கண்ணாடி காட்ட வேண்டும். கதிர்வாணன் விளக்கு ஏற்றினார். அற்புதமாக ஏற்றினார். ஏற்றிவிட்டுத் தீக்குச்சியைப் பிடித்தபடி என்னைத் தேடினார். குச்சி எரிந்து விரலைத் தொட்டது. உதயசேகர் "வணக்கம்" சொல்லிவிட்டுச் சிலையானார். மரகதவல்லி மட்டும் எதையாவது சொல்லி இழுத்துக்கொண்டே போனார், மேடைப் பழக்கம். ஆனால் எதிரில் சிலைகள் நின்றால் ஒருவர் எவ்வளவு நேரம் பேச முடியும்? சாப்பாட்டு மேசையில் மெழுகில் செய்த ஜாங்கிரி, தெர்மகோல் இட்லி. அதை எடுத்துக் கடிப்பதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபடியும் சிலை. எட்டு முறை நின்றது.

நிலைய இயக்குநரும் சாம்பமூர்த்தியும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்து பார்த்தார்கள். கடைசியில் இயக்குநர் முடிவு சொன்னார். ஜனவரி ஏழாம் தேதி ஒரு முறை ஓட்டிப் பார்க்கலாம். நடுவில் நின்றுவிட்டால், மறுமுறை ஹேமப்ரியா வீட்டுக்காரி, மரகதவல்லி சமையல்காரி. ஹேமப்ரியாவை அன்று ஒப்பனையோடு தயாராக உட்காரவைத்திருக்க வேண்டும்.

"யாரையும் அவமானப்படுத்தற எண்ணம் இல்லை மேடம்" என்றார் சாம்பமூர்த்தி. இதை நான் நம்புகிறேன். அவருக்கு அந்த எண்ணமே தோன்றியிராது.

டிசம்பர் 31, புதன்

நான்தான் போய்ச் சொன்னேன்.

மரகதவல்லி பச்சைப் பட்டுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

"நிக்காம ஓடுனா?"

"நீங்கள்தான் வீட்டுக்காரி. தமிழ்நாடே பார்க்கும்."

"நின்னா கொல்லைப்புறமா."

"ஆமாம்."

ஊசியை மறுபடி எடுத்து நூல் கோத்தார். பிறகு, "உனக்கு என்ன தாயி போச்சு? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார்.

எனக்கு ஒன்றும் போகவில்லை. அப்படித்தான் சொன்னேன்.

1981 ஜனவரி 5, திங்கள்

அலுவலகத்துக்குத் தொலைபேசி. கதிர்வாணனின் மனைவி தங்கமணி.

"ஏனுங்க, டிவி அம்மாங்களா? புதங்கிழமை விருந்துக்கு நாங்க ஏழு பேரு வர்றமுங்க. எங்க அண்ணன் குடும்பம் பொள்ளாச்சில இருந்து வந்திருக்குது. விட்டுட்டு வந்தா நல்லா இருக்காதுங்க. சைவம்தானுங்களே?"

அது படப்பிடிப்பு, செட், விளக்குகள் என்று நான் தொடங்கினேன். "அதெல்லாம் இவரு பாத்துக்குவாருங்க. நான் சாப்பாட்டைக் கேக்கறேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் உதயசேகர் வீட்டிலிருந்தும் அழைப்பு. ஐந்து பேர். சின்னக் குழந்தைக்குக் காரம் ஆகாது.

தட்டு வைத்து அழைத்தால் குடும்பத்தோடு அழைத்ததாக அர்த்தம். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மட்டும்தான் அது தெரியவில்லை. அவர்கள் நிஜமாகவே விருந்துக்கு வருகிறார்கள். நான் அவர்களுக்கு மெழுகு ஜாங்கிரி வைத்திருக்கிறேன்.

இருவரையும் திரும்ப அழைத்து, தவறாகப் புரிந்துகொண்டீர்கள் என்று சொல்வதுதான் முறை. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எடுத்தபோது ஒத்திகையில் நின்ற அந்த முகங்கள் ஞாபகத்துக்கு வந்தன. வாயில் சோறு இருக்கும் மனிதன் 'கட்'டுக்காகக் காத்திருப்பானா?

தொலைபேசியைக் கீழே வைத்தேன்.

ஜனவரி 6, செவ்வாய்

ஸ்டுடியோவுக்குள் உணவுப் பொருள் கொண்டுபோகக் கூடாது என்று விதி இருக்கிறது. தரையெங்கும் கேபிள், தண்ணீர் கொட்டினால் ஆபத்து. அந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். விதி நல்ல விதி.

செட் பொருட்களுக்கான கோரிக்கைத் தாளில், நாற்காலி, குத்துவிளக்கு, பூச்சாடி ஆகியவற்றுக்குக் கீழே 'வாழையிலைச் சாப்பாடு, நாற்பது பேர், அசல்' என்று எழுதி அனுப்பினேன். பூச்சாடியோடு சேர்ந்து அதுவும் கையெழுத்தாகி வந்துவிட்டது. யாரும் படிப்பதில்லை.

கேபிள்கள்மேல் ரப்பர் விரிப்புப் போடச் சொன்னேன். மயிலாப்பூரில் ஒரு சமையல்காரரிடம் சொல்லியாகிவிட்டது. தளப் பொறுப்பாளர் பக்கிரிசாமிக்கு மட்டும் விஷயம் தெரியும். "மேடம், நீங்களா இது?" என்றார். வேறு எவர் என்று நினைத்தாரோ.

ஜனவரி 7, புதன்

முடிந்தவரை வரிசையாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக விழுகிறது. இன்று சாப்பிடாததால் இருக்கலாம்.

கட்டுப்பாட்டு அறையில் என் இடப்புறம் தொழில்நுட்பக்காரர்கள். பின்னால் நாற்காலி போட்டு சாம்பமூர்த்தி. கீழே ஒப்பனை அறையில் ஹேமப்ரியா, பட்டுப்பாவாடை தாவணியில் தயாராக. ஒளிநாடா ஓடத் தொடங்கியது.

மரகதவல்லி வாசலில் வந்து நின்றார். பச்சைப் பட்டு திரையில் நல்ல அடர்ந்த சாம்பலாகத் தெரிந்தது. அவருக்குக் கொடுத்திருந்த வரவேற்புரையை விட்டுவிட்டார். காமிராவைப் பார்த்து, "வாங்க. இதுதான் என் வீடு" என்றார். அவ்வளவுதான்.

கதிர்வாணன் விளக்கேற்ற வந்தார். எழுத்துப் பிரதியின்படி அவர் ஒருவர். பின்னாலேயே தங்கமணி, இரண்டு மகள்கள், பொள்ளாச்சி அண்ணன், அண்ணி, அவர்கள் பையன். எல்லோர் கையிலும் பழப் பை. மரகதவல்லி ஒவ்வொருவருக்கும் சந்தனம், குங்குமம், கற்கண்டு கொடுத்து, "பொள்ளாச்சியில மழையா?" என்று விசாரித்தார். பின்னால் நாற்காலி முனகியது. "யார் இவங்கள்லாம்?" என்றார் சாம்பமூர்த்தி. "விருந்தாளிகள்" என்றேன்.

மேஜிக்காரர் வந்தார். பல குரலில் பேசும் வங்கி ஊழியர் வந்தார். அவர்கள் மேடைக்காரர்கள், நிற்காமல் ஓடினார்கள். கதிர்வாணன் ஒரு வரி பேசிவிட்டு ஒருமுறை சிலையானார். அண்ணன் பையன் அவர் மடியில் ஏறி மீசையைப் பிடித்து இழுத்ததால் சிலை கலைந்தது. உதயசேகர் குடும்பத்தோடு வந்தார். "இலை போடலாம்ல?" என்று மரகதவல்லி எல்லோருக்கும் கேட்கும்படி அவரிடம் அனுமதி வாங்கினார். அவர் பெருமையோடு தலையசைத்தார்.

நீள மேசைகளில் இலை விழுந்தது. வாளிகளும் பாத்திரங்களும் வந்தன. சாம்பார் வாசனை இரண்டு கதவுகளைத் தாண்டி எங்கள் அறைக்கே வந்தது. சாம்பமூர்த்தி எழுந்து நின்றுவிட்டார். "மிஸ் ஞானதீபம், அது அசலா?" பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.

அப்போதுதான் அது நடந்தது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். மரகதவல்லி மட்டும் கூட்டுப் பாத்திரமும் கரண்டியுமாக நின்றார். பாத்திரம் கைக்கு வந்ததுமே அவருடைய முதுகு வளைந்துவிட்டது. இரண்டாவது காமிராவில் பார்த்தேன். தலை ஒரு பக்கம் சாய்ந்து, முந்தானை இடுப்பில் ஏறி, கால்களை அகட்டி ஒரு நடை. முப்பது வருஷத்துச் சமையல்காரி நடை. அவருக்கே தெரியாமல் அது வந்திருந்தது. மேசையிலிருந்த சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள், பழைய படங்களில் சிரித்த சிரிப்பு. சிரிப்புச் சத்தம் கேட்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அப்படியே நின்றார். முகத்தில் எதுவுமே இல்லை. அந்தக் கூடத்திலேயே நின்றுபோன ஒரே ஆள் அவர்தான்.

தங்கமணி நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, நீங்க எதுக்குங்க நிக்கறீங்க? உங்க வீட்ல நீங்க நிக்க, நாங்க உக்காந்து திங்கறதா? இப்படி வந்து உக்காருங்க."

"நீங்க சாப்பிடுங்க தாயி. நான் போடுறேன்."

"இவரு போடுவாருங்க." கணவரைத் திரும்பிப் பார்த்தார். "எந்திரிங்க. வீட்ல ஒரு டம்ளரை எடுத்து வச்சதில்லை. இன்னைக்காவது செய்யுங்க."

கதிர்வாணன் காமிராவைப் பார்த்தார். யாராவது காப்பாற்றுவார்கள் என்று பார்த்தார்.

"அங்க என்னத்தப் பாக்கறீங்க? பாத்திரம் இங்க இருக்குது."

எழுந்துவிட்டார். மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரகதவல்லியின் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கினார். எதிர்ப்பக்கத்தில் உதயசேகரின் மனைவி கணவரைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் பாய்ந்து சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டார். கதிர்வாணன் ஒரு இலையில் இரண்டு கரண்டி வைத்தால் உதயசேகர் மூன்று கரண்டி ஊற்றினார்.

இங்கே பின்னால் சாம்பமூர்த்தி, "நிறுத்துங்க. ஸ்க்ரிப்ட்ல இது இல்லை. ஹேமப்ரியா ரெடியா இருக்காங்க. நிறுத்துங்க மேடம்" என்றார். என் கை நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் அவரிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு, அவங்க முகத்துல இருங்க. நகராதீங்க" என்று இரண்டாவது காமிராக்காரரிடம் சொன்னது நினைவிருக்கிறது.

மரகதவல்லி நாற்காலியில் உட்கார்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். கதிர்வாணன் வந்து அவர் இலையில் கூட்டு வைத்தபோது, "போதும்யா" என்று கையைக் குறுக்கே நீட்டினார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "இந்த மனுசனுக்கு இருபது படத்துல காப்பி கொண்டுபோய்க் குடுத்திருக்கேன். ஒருதடவையாச்சும் குடிச்சாரா கொட்டினாரான்னு தெரியாது. டம்ளரை நீட்டுனதும் 'கட்'டுன்னுருவாங்க."

மேசையே சிரித்தது. இந்தமுறை அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு யாருக்கும் காமிரா ஞாபகம் இருக்கவில்லை. பாடகர் வாயில் பாயசத்தோடு பாடினார். உதயசேகர் தனக்குச் சினிமாவில் கிடைத்த முதல் சம்பளம் ஒரு தயிர்ச்சாதப் பொட்டலம் என்று சொன்னார், இதுவரை எந்தப் பேட்டியிலும் சொல்லாததாம். "அப்பவே சொல்லியிருந்தா நான் ஒரு ஊறுகாயாச்சும் குடுத்திருப்பேன்ல" என்றார் கதிர்வாணன். இருவரும் ஒரே வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது செட் வாசல் கதவு திறந்தது. பிரதியில் அப்போது யாரும் வரக்கூடாது. ஹேமப்ரியா. மத்தியானத்திலிருந்து ஒப்பனை அறையில் பட்டினியாக உட்கார்ந்திருந்த பெண். வாசனை இழுத்து வந்துவிட்டது.

"எனக்கு ஒரு இலை இருக்குமாக்கா?"

மரகதவல்லி எழுந்து வாசலுக்கே போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வாடா கண்ணு. என் வீட்ல இலைக்கா பஞ்சம்?"

ஒளிநாடா கடைசிவரை ஓடியது. ஒருமுறைகூட நிற்கவில்லை.

கீழே இறங்கிப் போனேன். மரகதவல்லி என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, "ஏத்தா, அந்த மனுசனை வாயை மூடிட்டு உக்காருங்கன்னியாம்ல? பக்கிரிசாமி காதுல கேட்டுதாம்" என்றார். பக்கிரிசாமி காதில் மாட்டியிருக்கும் கருவிக்கு எங்கள் அறையில் பேசுவது எல்லாம் போகும் என்பதை மறந்துவிட்டேன்.

புதுச் சேலையில் ரசம் கொட்டியிருக்கிறது. போகுமா தெரியவில்லை.

ஜனவரி 8, வியாழன்

சாம்பமூர்த்தி விடுப்பு.

ஜனவரி 14, புதன்

எங்கள் வீட்டில் தொலைக்காட்சி கிடையாது. கீழ்வீட்டுப் பேங்க் மேனேஜர் கூப்பிட்டார். நான் பார்த்ததுதானே, வரவில்லை என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் நின்றார்.

"ஏட்டி, நீ வாரியா, நான் போவட்டா?"

மேனேஜர் வீட்டுக் கூடத்தில் தெருவே இருந்தது. ஜன்னல் கம்பிகளுக்கு வெளியேயும் முகங்கள். அப்பாவுக்கு நாற்காலி கொடுத்தார்கள். நான் கதவோரமாக நின்றேன்.

"இதுதான் என் வீடு" என்று மரகதவல்லி சொன்னதும் யாரோ கைதட்டினார்கள். தங்கமணி கணவரை எழுப்பியபோது பெண்கள் பக்கத்திலிருந்து வந்த சத்தத்தில் அடுத்த இரண்டு வசனம் கேட்கவில்லை. மேனேஜர் மனைவி, "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று மேனேஜரிடம் சொன்னார். மரகதவல்லி உட்கார்ந்து முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்ட இடத்தில் மட்டும் கூடம் அமைதியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கூடச் சத்தமில்லை. இரண்டாவது காமிரா நகராமல் நின்றது. நல்ல ஷாட்.

கடைசியில் பெயர்கள் ஓடின. 'தயாரிப்பு: கி. ஞானதீபம்.' அப்பா வாய்விட்டுப் படித்தார். அங்கிருந்த எல்லோருக்கும் படிக்கத் தெரியும். ஆனாலும் படித்தார்.

மாடி ஏறும்போது, "அந்தச் சோறு எல்லாம் மெய்யான சோறுதானா?" என்று கேட்டார்.

"ஆமாம்ப்பா."

"நல்ல வேலை பாத்திருக்கே" என்றார்.

எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது. மாடிப்படியில் தூசி.

ஜனவரி 16, வெள்ளி

நிலையத்தில் தொலைபேசி ஓயவில்லை. தபால்காரர் சாக்கில் கொண்டுவந்தார். அநேகமாகப் பெண்கள் எழுதியவை. நிலைய இயக்குநர் அழைத்து, இனி மாதம் ஒரு விருந்து, மரகதவல்லியே வீட்டுக்காரி, நீங்களே தயாரிப்பு என்றார். வேறு பணிகள் பாதிக்கப்படுமா என்று பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அறையை விட்டு வெளியே வருவதற்குள் நான் சம்மதம் சொல்லிவிட்டதாகப் பக்கிரிசாமி சொல்கிறார். அவர் எப்போதும் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்.

மாலை மரகதவல்லி பேசினார். ஒரு படக் கம்பெனியிலிருந்து ஆள் வந்தானாம். பெரிய படமாம். "என்ன வேசம்னேன். ஆயான்னான். மாசம் ஒரு விருந்து வச்சிருக்கேன், வீட்டைப் போட்டுட்டு வரமுடியாதுன்னு சொல்லிட்டேன். சரியா தாயி?"

சரி என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

சாம்பமூர்த்தி விடுப்பு முடிந்து வந்தார். காலையிலிருந்து என் அறைப் பக்கம் இரண்டு மூன்று முறை நடந்தார். மதியம் உள்ளே வந்து, நிற்கலாமா உட்காரலாமா என்று தெரியாமல் நின்றார். உட்காரச் சொன்னேன்.

நிகழ்ச்சி நன்றாக வந்ததாகச் சொன்னார். நன்றி சொன்னேன். மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வீட்ல ஒய்ஃப் ரொம்பப் பிடிவாதமா இருக்கா மேடம். பசங்களும். அடுத்த விருந்துல ஓரமா ஒரு நாலு இலை... நீங்க நெனச்சா முடியும்."

"என்னைக் கேட்டு என்ன பயன் சார்? அது மரகதம்மா வீடு. அவங்களைத்தான் கேட்கணும்."

சட்டைப்பையில் ஒரு துண்டுத் தாளைத் தேடி எடுத்தார். பிறகு என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு, மரகதம்மாவின் தொலைபேசி எண்ணைக் கேட்டார். நான் நிதானமாக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன்.